நீல டேப், கறுப்பு டேப்

போன வாரம் சாப்பாட்டு மேசையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போன மாமனாரை அப்படியே விட்டுவிட்டு அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்று உங்களில் பலருக்கு என் மேல் கோபம். நியாயம்தான். ஆனால் கவலைப்படாதீர்கள், மனிதர் பட்டினி கிடக்கவில்லை. எல்லோரும் படுக்கப் போன பிறகு மெல்ல வந்து, அடுப்படியில் நின்றபடியே ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் சாப்பிட்ட நேரம் முழுக்க ஒரு கை சுவரை விட்டு நகரவில்லை. அதைத்தான் மருமகள் அன்று சாப்பாட்டு மேசையில் சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்லிவிட்டாள். "மாமாவுக்கு இன்னும் நிலை சரியா வரல. நின்னா ஆடறார்" என்று. அவள் சொன்னது வைத்தியம். அவர் காதில் விழுந்தது மானக்கேடு.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனார் ஒரு நாடகக் கொட்டகையில் விளக்குக்காரர். அங்கே எல்லோருக்கும் 'லைட்டண்ணே'. மேடைக்கு மேலே குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியில் விளக்குகளை மாட்டி, எந்த வெளிச்சம் யார் முகத்தில் விழவேண்டும் என்று திருப்பி வைப்பது அவர் வேலை. வாழ்க்கையில் பாதியை ஏணியிலேயே கழித்தவர். சில மாதங்களுக்கு முன்னால் ஏணியின் கீழ்ப்படியில் கால் பிசகி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கணுக்காலின் தசைநார்தான் கிழிந்து, பிறகு கூடிக்கொண்டது. கூடியதே தவிர, அந்த இடது கால் பழைய கால் இல்லை. சமதரையிலேயே திடீரென்று மடங்கும்.

மருமகள் பிசியோதெரபிஸ்ட். மகன் கப்பலில் வேலை, இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. மாமியார் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். ஆக வீட்டில் இருப்பது மூன்றே பேர், அதில் ஒருவர் ஆடுகிறார்.

இன்றைக்கு அவருக்குப் பரீட்சை. கொட்டகை மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒற்றைக்காலில் நின்று காட்டவேண்டும், ஏணியில் ஏறி ஒரு விளக்கை மாட்டிக் காட்டவேண்டும். முடிந்தால் பழைய வேலை. முடியாவிட்டால் வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும் வேலை. "டிக்கெட் கிழிக்கறதுக்குப் பதிலா நான் வீட்டுல உக்காந்து நூல் கோத்துக் குடுப்பேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மா ஊசியில் நூல் கோக்க இவரை ஒருநாளும் நம்பியதில்லை என்பது வேறு கதை.

காலையில் மருமகள் கிளினிக்குக்குக் கிளம்பும்போது கூடத்தில் நின்றாள்.

"மாமா, நேத்து ஒட்டின டேப்பு நல்லா இருக்கில்ல?"

"ம்."

"நான் வேணா அங்க வரட்டுமா?"

"நான் என்ன ஸ்கூலுக்கா போறேன், கூட வந்து விட?"

போன வாரக் கோபத்தின் மிச்சம் அது. மருமகள் சிரித்துக்கொண்டாள். "சரி, வரல. குளிச்சிட்டு டேப்பு மேல துண்டால ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க."

அந்த டேப்பை யார் ஒட்டினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். மருமகள் ஒட்டவில்லை. 'மருமக கையால என் காலைப் பிடிக்க வைக்கறதா? நல்லா இருக்கு நியாயம்' என்று முதல் நாளே மாமனார் காலை இழுத்துக்கொண்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "இது என் தொழில் மாமா. ஒரு நாளைக்கு எத்தனை பேர் காலைப் பிடிக்கறேன் தெரியுமா?" "அவங்க எல்லாம் உனக்கு மாமனாரா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. மாமியார் தரையில் உட்கார்ந்து ஒட்டுவார். மருமகள் எட்ட ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவாள். "அத்தை, கால் உள்பக்கத்துல ஆரம்பிங்க. முனையை இழுக்காம வைங்க. இப்ப குதிகாலுக்கு அடியில கொண்டு போய் வெளிப்பக்கமா மேல ஏத்துங்க. இங்க கொஞ்சம் இழுங்க. போதும், போதும்! கடைசி முனையை மறுபடி இழுக்காம விடுங்க." துணி வெட்டும் கத்தரியால் யாராவது காகிதத்தைத் தொட்டாலே ஊரைக் கூட்டிவிடுகிற மாமியார், அந்த நீல டேப்பை அதே கத்தரியால் வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கி ஒட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனுக்கு அவர் செய்த பெரிய தியாகம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பிரியம்தான் இன்று காலை வினையாகிப் போனது.

விடியும் நேரத்தில் மாமியாருக்கு விழிப்பு வந்துவிட்டது. பரீட்சை இவருக்கு, தூக்கம் கெட்டது அவருக்கு. தூங்கும் கணவனின் கணுக்காலைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்து, சூடு பறக்கத் தேய்த்துவிட்டார்; மனிதர் புரண்டுகூடப் படுக்கவில்லை. டேப்பைச் சுற்றி, டேப்பின் ஓரத்துக்கு அடியில், கொஞ்சம் டேப்பின் மேலேயும்.

குளித்துவிட்டு வந்தவர் காலைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னடி இது? பழைய சுவரொட்டி மாதிரி உரிஞ்சு தொங்குது?"

மாமியார் வாயைத் திறக்கவில்லை. தைல வாசனை ஏற்கெனவே வேண்டிய அளவு பேசிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் மாமனார் மூக்குக்குத்தான் எட்டவில்லை.

"அவளுக்குப் போன் போடட்டுமாங்க?"

"போடாதே. சம்பந்தி முன்னாடியே ஆடறேன்னு சொன்னவ. இப்ப ஒரு டேப்பைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலன்னு சொல்லணுமா?"

"பின்ன என்ன பண்றது?"

மாமனார் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இந்த மாதிரித் தெளிவு வந்தால் வீட்டில் ஃபியூஸ் போகும் என்று மாமியாருக்கு அனுபவம்.

"டேப்புதானே? நான் சுத்தாத டேப்பா?"

கருவிப் பையைத் திறந்தார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, உரிந்து தொங்கிய நீல டேப்பின் மேலேயே சுற்ற ஆரம்பித்தார். ஒயரில் சுற்றுகிற அதே நேர்த்தி. நன்றாக இழுத்துப் பிடித்து, முன்சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்றை ஏற்றி, கடைசியில் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி. வேலை என்று பார்த்தால் குறை சொல்லவே முடியாது.

"ரொம்ப இறுக்கமா இருக்கே?" என்றார் மாமியார்.

"லூசா விட்டா கரண்ட் அடிக்கும்."

"உங்க காலுல ஏதுங்க கரண்ட்?"

அவர் எழுந்து நின்றார். கணுக்கால் அசையவே இல்லை. "பாரு, தூண் மாதிரி நிக்குது. இத்தனை நாள் இந்த நீல நாடாவை நம்பிக் காலத்தை வீணாக்கினேன்." சட்டையை மாட்டிக்கொண்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தார். பிரித்தார். மறுபடி அதையே செய்தார். மூன்றாவது முறை கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

கிளினிக்கில் மருமகள் அப்போது ஒரு பேக்கரிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை தலைக்கு மேலே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தோள்.

"அம்மாடி, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க அத்தை."

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"அத்தை, நீங்க சும்மா கிளினிக்குக்குப் போன் பண்ண மாட்டீங்க. என்ன விஷயம்?"

"தைலம் தேச்சா டேப்பு உரியுமா?"

மருமகளுக்குப் பாதி புரிந்துவிட்டது. "எண்ணெய்ப் பசை இருந்தா ஒட்டாது அத்தை. உரிஞ்சிடுச்சா? பரவால்ல. டேப்பு இல்லாமலே நிக்க நாம பழக்கியிருக்கோம். அப்படியே போகச் சொல்லுங்க."

"அப்படியே போகல. வேற டேப்பு சுத்திக்கிட்டுப் போயிட்டார்."

"வேற டேப்பா? என்ன கலரு?"

"கறுப்பு."

மருமகள் பேக்கரிக்காரரின் தோளை மெல்லக் கீழே விட்டாள்.

"எப்படி அத்தை சுத்தினார்? லேசாவா, இறுக்கமாவா?"

"உனக்கு அவரைத் தெரியாதா? கரண்ட் அடிச்சிடும்னு சுத்தினார்."

மருமகள் போனை வைத்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு கால் தெரிந்தது. ரத்தம் சரியாக ஓடாமல், மரத்துப்போய், தான் எதன்மேல் நிற்கிறோம் என்றே தெரியாத கால். அந்தக் காலோடு அவர் ஏணியில் ஏறப்போகிறார். மாமனாருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்தால் போனை அணைக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்தி வைப்பது அவர் வழக்கம்.

பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் நல்ல மனிதர், "போய்ட்டு வாம்மா, என் தோள் எங்கயும் போகாது" என்றார். ஆனால் வாசலில் கிளினிக்கை நடத்தும் பெரிய டாக்டரம்மா நின்றிருந்தார்.

"எங்க?"

"மேடம், மாமனாருக்கு ஒரு அவசரம்."

"அவர் விழுந்த அன்னைக்கும் இப்படித்தான் நோயாளியைப் பாதியில விட்டுட்டு ஓடினீங்க. இன்னொரு தடவ இப்படிப் போனா வேலை இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்."

"வந்து பேசறேன் மேடம்."

"வந்து பேச என்ன இருக்கு?" என்றார் டாக்டரம்மா. அதற்குள் மருமகள் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

கொட்டகை மேடையில் மேனேஜர், தச்சர், உடைகள் பார்க்கும் அம்மா என்று சின்னக் கூட்டம். எல்லோருக்கும் லைட்டண்ணே ஜெயிக்கவேண்டும் என்றுதான் ஆசை. மேனேஜருக்கும்தான். ஆனால் விழுந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்.

"அண்ணே, முதல்ல வலது கால்ல."

வலது காலில் நின்றார். ஒரு குறையும் இல்லை. தச்சர் கைதட்டினார்.

"இப்ப இடது கால்."

ஷூவைக் கழற்றாமலே நின்றார். கறுப்புச் சுற்று கணுக்காலைக் இடுக்கிபோல இறுக்கிப் பிடித்திருந்ததால் கால் மடங்கவில்லை. ஆனால் இடுப்பு ஆடியது. தோள் ஆடியது. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, மேனேஜர் 'போதும்' என்று சொல்லும்வரை எப்படியோ சமாளித்தார். ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வார்களே, அன்று அந்த மேடையில் அது பொருத்தமாகவே இருந்தது.

"ஏணி?" என்று மேனேஜர் தயங்கினார்.

"ஏணிக்கென்ன? எனக்கும் அதுக்கும் எத்தனை வருஷப் பழக்கம்!"

மருமகள் உள்ளே நுழைந்தபோது அவர் மூன்றாவது படியில் இருந்தார்.

கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஏணியில் இருப்பவரைப் பின்னாலிருந்து கத்திக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேடை ஏறி, மெதுவாக நடந்து வந்து, ஏணியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா."

மேலிருந்தவர் அசையவில்லை. "வர வேணாம்னுதானே சொன்னேன்?"

"ஆமா. வந்துட்டேன். ஒரே ஒரு கேள்வி. அப்படியே நில்லுங்க, கீழ பாக்காதீங்க. உங்க இடது கால் படியில எந்த இடத்துல இருக்கு?"

"இது என்ன கேள்வி? நடுப்பாதம் படி மேல இருக்கு. முப்பது வருஷமா அப்படித்தான் வெக்கறேன்."

"இப்ப பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார்.

ஷூவின் நுனி மட்டும்தான் படியில் இருந்தது. விரல்களுக்குப் பின்னால் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அடுத்த படிக்கு வலது காலைத் தூக்கியிருந்தால் முழு உடம்பும் அந்த நுனியில்தான் நின்றிருக்கும்.

தச்சரும் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாமனார் கைகளால் ஏணியை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கண்ணால் பார்த்து வைத்து இறங்கினார். கண்ணால் பார்த்துப் பார்த்து அவர் ஏணி இறங்கியதை அங்கே அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் அவரை உட்காரவைத்தாள். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"காலைக் குடுங்க."

"உங்க அத்தை வரட்டும்."

"அத்தை வீட்டுல இந்தப் பதட்டத்துல சட்டைக்கு மூணாவது கையைத் தெச்சிட்டிருப்பாங்க. மாமா, கால் மரத்துக் கிடக்கு. இப்ப வெட்கப்பட நேரமில்ல. குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அவளே ஷூவைக் கழற்றி, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். கண்ணாடியிலும் அதேதான் தெரிந்தது, பாவம்.

விரல்கள் வெளிறிச் சில்லென்று இருந்தன. உடைகள் பார்க்கும் அம்மா கொடுத்த மழுங்கிய முனைக் கத்தரியைக் கறுப்பு டேப்புக்கு அடியில் விட்டு மெல்ல வெட்டினாள். பிரித்து எடுக்கும்போது பழைய நீல டேப்பும் கால்முடியும் சேர்ந்து வந்தன.

"ஐயோ! கொலை பண்றியா?"

"உங்களுக்கு உணர்ச்சி இருக்கேன்னு எனக்குச் சந்தோஷம்."

ரத்தம் திரும்பியபோது கால் முழுக்க ஊசி குத்தியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் உள்ளங்கையால் மெதுவாகப் பிடித்துவிட்டாள். தோலில் வரிவரியாகச் சிவப்புத் தடம். நல்லவேளை, எங்கும் புண்ணாகவில்லை.

"உன் டேப்பும் டேப்பு, என் டேப்பும் டேப்பு" என்றார் குரலைத் தாழ்த்தி. "உன்னுது பலமே இல்லாம தொளதொளன்னு இருக்கு. அது எப்படிம்மா காலைத் தாங்கும்?"

"அது தாங்கறதுக்கு இல்ல மாமா. இத்தனை நாள் நான் சரியாச் சொல்லல போலிருக்கு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அடிபட்டதுல உங்க கணுக்கால் கொஞ்சம் ஞாபகம் தப்பின மாதிரி ஆயிடுச்சு. எந்தப் பக்கம் சாயறோம்னு அது மூளைக்குச் சொல்றதுக்குள்ள நீங்க சாஞ்சிடறீங்க. இந்த டேப்பு தோலோட சேர்ந்து நீளும், சேர்ந்து சுருங்கும். நீங்க சாய ஆரம்பிச்சதுமே தோலை லேசா இழுத்து, 'யோவ், சாயற'ன்னு சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை. திருப்பி நிமிர வேண்டியது நீங்கதான். அதுக்குத்தான் தினமும் ஒத்தைக்கால்ல நிக்கச் சொல்றேன். டேப்பு பாதிகூட இல்ல, கால்வாசி உதவி. மீதி எல்லாம் பழக்கம்."

"என் டேப்பு?"

"அது வாயைக் கட்டிடுச்சு. காலைப் பேசவே விடல."

அவர் கால் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார்.

"தெனம் ஒத்தைக்கால்ல நிக்கறேன்னு சொன்னேனே," என்றார். "பாதி நாள் நிக்கல. உங்க அத்தை கேட்டா 'ஆச்சு'ன்னு சொல்லிடுவேன்."

"தெரியும் மாமா."

"எப்படித் தெரியும்?"

"நின்னிருந்தா எப்பவோ சுவரை விட்டிருப்பீங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "பயமா இருக்கும்மா. நின்னு பாத்து ஆடிட்டேன்னா, உண்மை தெரிஞ்சிடுமே. வாசல்ல டிக்கெட் கிழிக்க உக்காத்திடுவாங்களே. அதைவிட நிக்காமலே இருந்துடலாம்னு தோணும்."

சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மருமகளுக்கு இப்போதுதான் முழுசாக உறைத்தது. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொன்னது தப்பு மாமா. மன்னிச்சிடுங்க."

"விடு. ஆடினேன், ஆடறேன்னு சொன்ன."

காலைத் துடைத்து, தைலப் பசை போக ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் காய்ந்து தடமெல்லாம் தணியும்வரை காத்திருந்தாள். தன் பையிலிருந்த நீல டேப்பை வெட்டி மூலைகளை வட்டமாக்கினாள். இந்தத் தடவை ஸ்டூலும் இல்லை, உத்தரவும் இல்லை. உள்பக்கத்தில் இழுக்காமல் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக அளவாக இழுத்து ஏற்றி, முனையை அப்படியே படியவிட்டாள். பசை பிடிக்க உள்ளங்கையால் சூடு வரத் தடவினாள்.

"உங்க அத்தை ஒட்டினதைவிட நல்லா இருக்கு" என்றார்.

"இதை வீட்டுல சொல்லிடாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

எழுந்து இடது காலில் நின்றார். ஆடினார். ஆனால் இப்போது ஆடியது கணுக்கால். இடுப்புக்கு ஏறுவதற்குள் அதுவே தடுமாறி, சரிசெய்து, மறுபடி நின்றது. சுவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் தொடவில்லை.

மேனேஜர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இப்ப நல்லா நிக்கறீங்களே!" என்று சொல்லிவிட்டு மருமகளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஏறலாமா, வேணாமா? நீங்க சரின்னா நான் சரி. வெள்ளிக்கிழமை புது நாடகம் மேடை ஏறுது. இன்னைக்கு நாளைக்குள்ள விளக்கெல்லாம் திருப்பியாகணும். இவர் இல்லன்னா வெளியாளைக் கூப்பிடணும். வந்தவன் அப்புறம் சுலபமா போகமாட்டான். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மருமகள் நீல டேப்பின் மிச்சத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். வேண்டாம் என்றால் அவர் வேலை போகும். ஏறலாம் என்றால் அவர் உயிரே போகலாம். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் மாமனார். "அவளைக் கேக்காதீங்க. எது சொன்னாலும் சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்து என் மூஞ்சில முழிக்கணும். கால் என்னுது. நானே சொல்றேன். இன்னைக்கு நான் ஏறல."

"அண்ணே..."

"ஏணியில என் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல சார். அப்படிப்பட்டவனை நானா இருந்தாலும் ஏத்த மாட்டேன். வெளியாளைக் கூப்பிடுங்க. ஆனா அடுத்த வாரம் ஒரு தடவ எனக்கு இதே மாதிரி பரீட்சை வைங்க. அப்பவும் முடியலன்னா டிக்கெட்டைக் குடுங்க, கிழிக்கறேன்."

மேனேஜர் தலையாட்டினார். "அடுத்த வாரம் வைக்கறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

அந்த 'ஏறல' என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து வெயிலில் நிற்கும்வரை அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இவர்கள் இருவர் மட்டும்தான். பஸ்ஸைக் காணோம். மாமனார் ஷூவையும் காலுறையையும் கழற்றி பெஞ்சில் வைத்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"பாக்கி நிக்கறேன். கண்ணை மூடிக்கிட்டு நின்னா இன்னும் நல்லதுன்னு சொன்னியே, அதையும் பாத்துடலாம்."

"தெருவிலயா?"

"ஏன், தெருவுல நின்னா கால் வேற மாதிரி கத்துக்குமா?"

"சரி, விழாம என் தோளைப் பிடிச்சுக்கங்க. லேசா, ரெண்டு விரலால."

அவர் தயங்கினார். கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், பிறகு அவள் தோளில் இரண்டு விரலை வைத்தார். இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். இவருக்குத் தெரியவா போகிறது?

மருமகளின் போன் ஒலித்தது. செய்தி. கிளினிக்கிலிருந்து.

'நாளைக்கு வரும்போது உங்கள் அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.'

அவள் ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, நேரே தெருவைப் பார்த்தபடி நின்றாள். இவர் பாவம், இன்றைக்குப் பட்டது போதும். இதையும் ஏன் சொல்லவேண்டும்?

"யாரும்மா?" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமல்.

"அத்தைதான். சாப்பிட வர நேரமாகுமான்னு கேக்கறாங்க."

"ஓகோ."

அவர் இன்னும் ஒற்றைக்காலில்தான் நின்றார். நீல டேப் ஒட்டிய கணுக்கால் லேசாக அசைந்து அசைந்து தன்னைத் தானே சரிசெய்துகொண்டிருந்தது. கண் மூடியே இருந்தது. தோளின் மேலிருந்த இரண்டு விரல் மட்டும் மெல்ல விரிந்து, முழுக் கையாக அழுத்திப் பிடித்தது.

"என் கால் நல்லாத்தான்மா நிக்குது," என்றார். "உன் தோள்தான் ஆடுது. என்ன ஆச்சு, சொல்லு."